யூனிஃபார்மில் வந்து லீவு கேட்டவள்

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போனில் அழைத்தாள். மனிதவளப் பிரிவாம். குரலில் தேன் ஒழுகியது.

"சிஸ்டர், நம்ம நர்ஸுமாருக்கு ஒரு செல்ஃப் கேர் டே வைக்கிறோம். பிஸியான லைஃப்ல நமக்குன்னு டைம் கண்டுபிடிக்கறது எப்படின்னு நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்."

முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கட்டிடத்தில் நின்றிருக்கிறேன். உட்கார்ந்த ஞாபகம் குறைவு. எனக்கென்று நேரம் கண்டுபிடித்த ஞாபகம் அதைவிடக் குறைவு. "ஆள் மாறிக் கூப்பிட்டியோ மோளே?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"இல்ல சிஸ்டர். நீங்களும் செல்வராணி சிஸ்டரும்தான் ஸ்பீக்கர்ஸ். அவங்க அப்பவே சம்மதிச்சாச்சு கேட்டோ."

செல்வராணி என்ற பெயரைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை மேடையில் நிறுத்தி, தன்னைத் தானே கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாகக் காட்டப் போகிறார்கள். அவளும் அதற்குத் தலையாட்டியிருக்கிறாள். பிறகு நடந்த அந்தக் கூட்டத்தில் இருந்த சில பிள்ளைகள், பழைய கதையை முழுக்க எழுதச் சொன்னார்கள். எழுதாவிட்டாலும் எனக்கு மனது ஆறாது. அதனால் எழுதுகிறேன்.

நான் மார்த்தாண்டத்துக்காரி. நாகர்கோவிலில் நர்சிங் படித்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டிலில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரிக்கவும், திட்டு வாங்கும்போது முகத்தை மாற்றாமல் நிற்கவும் கற்றுக்கொண்டேன். இரண்டும் கடைசிவரை உதவின. பிறகு திருவனந்தபுரம் வந்து, கழக்கூட்டத்துக்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். பெயரை மாற்றி எந்த ஆஸ்பத்திரியைப் போட்டாலும் இந்தக் கதை பொருந்தும் என்பதுதான் என் வருத்தம்.

அங்கே பெண்கள் வார்டுக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். பக்கத்தில் ஐ.டி. பார்க் வளர வளர எங்களுக்கு நோயாளிகளும் வளர்ந்தார்கள். கழுத்து வலி, தூக்கமின்மை, நெஞ்சு படபடப்பு என்று இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் வந்து படுப்பார்கள். அவர்களை அனுப்பும்போது நாங்கள்தான் புத்தி சொல்லி அனுப்புவோம். நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் குடி, தூங்கு, வேலையை வீட்டுக்குக் கொண்டுபோகாதே. சொல்லிக்கொண்டிருக்கும் நர்ஸ் காலையிலிருந்து ஒரு சாயா மட்டும் குடித்திருப்பாள். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றுகொண்டிருப்பாள். இதில் யாருக்கும் சிரிப்பு வந்ததில்லை.

எங்கள் நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் மேடம் என்றுதான் சொல்வோம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோட்டயம் பக்கத்துக்காரர், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, எப்போதும் சிரித்த முகம். எல்லாரையும் மோளே என்று கூப்பிடுவார். மோளே என்றால் மகளே. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் எங்களிடம் வாங்கிய வேலையைப் பெற்ற தாய்கூட வாங்கியிருக்க மாட்டாள்.

அவர் கொண்டுவந்த முறை ஒன்று உண்டு. உடம்பு சரியில்லை என்று போனில் லீவு சொல்லக்கூடாது. நேரில் வர வேண்டும். வீட்டுப் புடவையிலோ சுடிதாரிலோ வரக்கூடாது, யூனிஃபார்மில் வர வேண்டும். முடியைச் சுருட்டிக் கட்டி, பேட்ஜ் குத்தி, ஷூ மாட்டி, அவர் அறை வாசலில் நிற்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குள் நர்ஸ் என்றால் யூனிஃபார்மில்தான் நடக்க வேண்டும், அது டிசிப்ளின் என்பார். உள்ளே கூப்பிடுவார். எழுந்து வந்து, புறங்கையை நம் நெற்றியில் வைத்துப் பார்ப்பார். தெர்மாமீட்டர் நிறைந்த கட்டிடத்தில் அவருக்குப் புறங்கை போதும். பிறகு நம் காலரை நேராக்கிவிட்டுக்கொண்டே, "பனியில்லல்லோ மோளே" என்பார். பனி என்றால் இங்கே காய்ச்சல்.

பனி இருந்தாலும் அடுத்த வாக்கியம் அதேதான். "வந்நல்லோ. உச்ச வரெ நில்லு. பின்னெ போயி ரெஸ்ட் எடுத்தோ." வந்தாய் அல்லவா, மதியம்வரை நில், பிறகு போய் ஓய்வெடு. யூனிஃபார்மில் வந்தவளால் இல்லை என்று சொல்ல முடியாது, வேலைக்குத் தயாராக அல்லவா வந்திருக்கிறாள்! மதியம் ஆனதும் அடுத்த ஷிஃப்டில் ஆள் குறையும். சாயங்காலம்வரை நிற்க வேண்டிவரும். அந்த வாசலில் லீவு கேட்டு நின்று, லீவோடு வீட்டுக்குப் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர் கொடுமைக்காரி இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கை எலும்பு முறிந்தபோது கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே வந்து உட்கார்ந்தவர் அவர். எல்லாரும் அதைத் தியாகம் என்றார்கள். எனக்கு அது மிரட்டலாகத்தான் பட்டது.

இப்படிப்பட்ட இடத்தில் நோய் வந்தால் நர்ஸ் என்ன செய்வாள்? தனக்குத் தானே வைத்தியம் பார்ப்பாள். ஓ.பி. நேரமும் எங்கள் டூட்டி நேரமும் ஒன்று. ஸ்டாஃப் ஓ.பி. சீட்டுக்கு மேடம் கையெழுத்து வேண்டும். ஆகவே லிஃப்டுக்கும் வார்டுக்கும் நடுவில் டாக்டரைப் பிடிப்போம். "டாக்டரே, தலை சுத்துது." அவர் நடந்துகொண்டே, "ஐயர்ன் சாப்பிடு" என்பார். நாடி பார்ப்பதில்லை, ஃபைல் கிடையாது, மறுபடி வந்து காட்டு என்ற பேச்சே கிடையாது. காய்ச்சல் அதிகமானால் விரிப்புகள் அடுக்கும் லினன் அறைக்குள் ஸ்டூலைப் போட்டு, ஒருத்திக்கு ஒருத்தி டிரிப் ஏற்றிக்கொள்வோம். பாதி பாட்டிலில் நோயாளி மணி அடித்தால் டிரிப்பைக் கழற்றி, கையில் ஊசியைக் குத்தியபடியே விட்டு, மேலே ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடுவோம். ஏ.சி. வார்டில் நர்ஸ் ஸ்வெட்டர் போட்டிருந்தால் குளிருக்கு என்றுதானே நினைப்பார்கள்? பல நாள் அந்தக் கைக்குள் ஊசிதான் இருந்தது.

செல்வராணி என்னிடம் பல வருடம் வேலை பார்த்தவள். தக்கலைக்காரி. கணவருக்குச் சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. கல்யாணம் தாமதமாக நடந்தது, குழந்தைக்காகக் காத்திருந்தாள். வார்டில் யாருக்காவது பிரசவம் ஆனால் வேலை முடிந்த பிறகும் அந்தத் தொட்டில் பக்கம் போய் நிற்பாள். "ஏட்டி, வீட்டுக்குப் போ" என்று நான்தான் விரட்டுவேன்.

அவளுக்கு மாதவிடாய் வந்தால் நிற்காமல் போக ஆரம்பித்தது. எங்கள் வழக்கப்படி நடக்கும் டாக்டர்களைப் பிடித்துக் கேட்டாள். ஒருவர் இரும்புச் சத்து மாத்திரை சொன்னார். இன்னொருவர் ரத்தம் நிற்க மாத்திரை சொன்னார். மூன்றாமவர் டென்ஷனைக் குறை என்றார். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது. அவள் எங்கேயும் நோயாளியாகப் பதியப்படவே இல்லை.

லீவு கேட்டு மேடம் வாசலில் மூன்று முறை நின்றாள். இரண்டாம் முறை நானும் கூடப் போனேன். "மேடம், இவளுக்கு ரத்தம் நிக்காம போகுது. ஓ.பி.யில காட்டணும்" என்றேன். மேடம் அவள் நெற்றியில் புறங்கையை வைத்தார். ரத்தப்போக்குக்கு நெற்றியில் என்ன தெரியும்? காலரைச் சரிசெய்தார். "அது நமக்கெல்லாம் உள்ளதல்லே மோளே" என்றார். பெண்கள் நம் எல்லாருக்கும் உள்ளதுதானே என்று என்னைப் பார்த்துச் சிரிப்பு. செல்வராணி மதியம்வரை என்று நின்று, சாயங்காலம் போனாள். எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தை வார்டில் ஒரு பக்கெட்டின் மேல் காட்டினேன்.

காலையில் டூட்டி எடுத்ததும் நாங்கள் செய்யும் முதல் வேலை ஒன்று உண்டு. ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினை நோயாளிக்குக் கட்டுமுன் நம் கையில் ஒருமுறை கட்டிப் பார்ப்போம். சரியாகக் காட்டினால் மெஷின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குச் செல்வராணியின் முறை. கட்டினாள். மேல் அளவு எண்பதைத் தொடவில்லை, நாடித் துடிப்பு நூற்று முப்பது. மறுபடி கட்டினாள், அதே. மற்றக் கையில் கட்டினாள், அதே.

ஒரு நோயாளிக்கு அப்படிக் காட்டியிருந்தால் அவள் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்திருப்பாள். அவளுக்கே காட்டியதால் என்ன செய்தாள் தெரியுமா? மெஷினில் சிவப்பு டேக் கட்டி, ரிப்பேர் என்று எழுதி, கீழே உபகரணங்கள் பழுதுபார்க்கும் பிரிவுக்கு அனுப்பிவிட்டாள். வேறு மெஷினை எடுத்துக்கொண்டு ரவுண்ட்ஸ் போனாள்.

பத்து மணிக்கு மேல் டெக்னீஷியன் ஷிபு அந்த மெஷினைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தான்.

"சிஸ்டரே, இதினு ஒரு குழப்பமும் இல்ல. ஞான் என்டெ கையில கட்டி நோக்கி. கரெக்ட்."

என் கையில் கட்டினான். எனக்கும் சரி. அந்நேரம் செல்வராணி மருந்துத் தட்டோடு வந்தாள். "நீங்களல்லே டேக் கெட்டியது? கை காட்டு" என்று அவளுக்கும் கட்டினான். மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்தியது. செல்வராணி சிரித்தாள்.

"பாத்தியளாக்கா? எனக்கு மட்டும் தப்பாக் காட்டுகு."

ஷிபு என்னைப் பார்த்தான். நான் அவள் கையிலிருந்த தட்டை வாங்கி மேசையில் வைத்தேன்.

மேடம் கையெழுத்துக்குக் காத்திருக்கவில்லை. வார்டை வேறொருத்தியிடம் விட்டுவிட்டு அவளை நேராகக் காஷுவாலிட்டிக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்தவர் இளம் டாக்டர், தூக்கம் போதாத கண்கள். எங்கள் இருவரையும் பார்த்தார்.

"எந்தா சிஸ்டரே? பேஷன்ட் எவிடே?"

"இவதான் டாக்டர்."

அவர் செல்வராணியைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சர் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். நான் அவளைக் கட்டிலில் உட்கார வைத்தேன். டாக்டர் பக்கத்தில் வந்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். டாக்டர் நிற்கும்போது நர்ஸ் உட்காரக்கூடாது என்று கால்களே பழகியிருக்கின்றன. மறுபடி உட்கார வைத்தேன். ரத்தம் எடுக்க வேண்டும் என்றதும் அவளே கை நீட்டித் தட்டை எடுத்துக் கொடுத்தாள், ரப்பர் பட்டையை அவளே தன் கையில் கட்டினாள். டாக்டர் அப்போதும் அவளைப் பற்றி என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார், "சிஸ்டர் வயசு எத்ர? எத்ர நாளாயிட்டு?" என்று. எனக்குத் தாங்கவில்லை. திரையை இழுத்துவிட்டு, பேட்ஜைக் கழற்றி, யூனிஃபார்மைக் கழற்றி, நோயாளிகள் போடும் பச்சை அங்கியை அவளுக்கு மாட்டினேன். திரையை விலக்கியதும் டாக்டர் முகம் மாறியது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. அந்த இமை அதற்கு ஐந்து நிமிடம் முன்பும் அதே வெளுப்பில்தான் இருந்தது.

ஹீமோகுளோபின் நாலுக்குக் கீழே. கர்ப்பப்பையில் பெரிய கட்டி. ரத்தம் ஏற்ற ஏற்ற ஒழுகிக்கொண்டே இருந்தது. கடைசியில் உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்த மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த பெண் டாக்டர் கட்டில் முனையில் நின்று சொன்னார்: "ஒரு வருஷம் முன்ன வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்திருக்கலாம். கர்ப்பப்பையைக் காப்பாத்தியிருக்கலாம். நீ நர்ஸ்தானே? இதுகூடத் தெரியாதா?"

ஒரு வருடம் முன்பு அவள் மேடம் வாசலில் யூனிஃபார்மில் நின்றுகொண்டிருந்தாள். ஆனால் படுத்துக்கொண்டிருந்த செல்வராணி சொன்ன பதில் வேறு.

"என் தப்புதான் டாக்டர். நான் என்னைக் கவனிக்கல."

சாயங்காலம் மேடம் பார்க்க வந்தார். ஆப்பிள் கொண்டுவந்தார். புறங்கையை நெற்றியில் வைத்தார். "ஸ்வந்தம் காரியமும் நோக்கண்டே மோளே?" என்றார். தன் காரியத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டாமா மகளே என்று அர்த்தம். அந்த வாயால் அந்தக் கேள்வி! நான் தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். நின்றிருந்தால் என் வேலை அன்றைக்கே போயிருக்கும். உள்ளே செல்வராணி அதற்கும் சரி மேடம் என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

அவளால் அதற்குப் பிறகு அதிக வருடம் வேலை பார்க்க முடியவில்லை. நெடுநாள் ரத்தக் குறைவில் இதயம் பலவீனமாகிவிட்டது, படி ஏறினால் மூச்சு வாங்கும். விட்டுவிட்டாள். அவள் போன பிறகு ஆஸ்பத்திரிக்கு ஞானம் வந்தது. நர்ஸுகளின் மனஅழுத்தம் தீர எங்களைக் கல்லாற்றுக்கு ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். பாதிப் பேர் நைட் டூட்டி முடிந்து நேராக ஏறியவர்கள். போகும்போதும் தூங்கினோம், வரும்போதும் தூங்கினோம். ஆற்றைப் பார்த்தவர் டிரைவர் மட்டும்தான். அந்த நாளை எங்கள் வார ஓய்வில் கழித்துக்கொண்டார்கள்.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். போன் வந்த அன்றே செல்வராணியைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன்.

"ஏட்டி, என்னத்தப் பேசப் போற அங்க?"

"உள்ளதப் பேசுவேங்க்கா. பிள்ளைகளுக்குப் பிரயோஜனப்படட்டும். நான் என்னக் கவனிக்காம விட்டதுனாலதானே..."

"நீயா விட்ட? மூணு வாட்டி வாசல்ல நின்னது யாரு, உன் ஆவியா?"

"விடுங்கக்கா. அவங்க என்ன செய்வாங்க? ஆள் குறைவு. நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும்."

கர்ப்பப்பையை எடுத்தது போதாதென்று பழியையும் அவளுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்கள்.

ஆனாலும் போனேன். அவளை அங்கே தனியாக விட மனதில்லை. மேல்மாடி ஹாலில் கூட்டம். பழைய மேடம் ஓய்வு பெற்று ஊருக்குப் போயாச்சு, புதியவர் இருக்கிறார். திரையில் கடற்கரையில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படம். ஐ.டி. கம்பெனிகளில் வகுப்பெடுக்கும் ஒரு பயிற்சியாளர் கையில் மைக்கோடு உலாவினார். நேரமில்லை என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் சாக்கு என்றார். தினமும் காலையில் உங்களுக்காகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், மூச்சை இழுத்து விடுங்கள் என்றார். எதிரே இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் நைட் டூட்டி முடித்து வந்தவர்கள். வராவிட்டால் ஆப்சென்ட் போடுவார்களாம். மூச்சை இழுக்கச் சொன்னதும் சிலருக்குக் கொட்டாவிதான் வந்தது.

செல்வராணியை அழைத்தார்கள். மெதுவாகப் படியேறி, மூச்சு அடங்கும்வரை நின்று, மைக்கைப் பிடித்தாள்.

"என் பேரு செல்வராணி. நானும் இங்கதான் நர்ஸா இருந்தேன். நான் என்னைக் கவனிக்கல. அதுனால..."

அவளுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து ஒரு நர்ஸ் தண்ணீர் கொண்டு வந்தாள். பாறசாலைப் பெண், பெயர் ஆதிரா என்று பிறகு தெரிந்தது. யூனிஃபார்ம், மேலே வெள்ளை ஸ்வெட்டர். அந்த ஹாலில் ஏ.சி. வேலை செய்யவில்லை, எல்லாரும் விசிறிக்கொண்டிருந்தோம். தம்ளரை நீட்டியதும் தண்ணீர் தளும்பிக் கையில் வழிந்தது. செல்வராணி தம்ளரை வாங்கவில்லை, அந்தக் கையைப் பிடித்தாள். ஸ்வெட்டரை முழங்கைவரை தள்ளினாள். பிளாஸ்திரி ஒட்டிய ஊசி அங்கேயே இருந்தது.

"காய்ச்சலா பிள்ளே?"

"ரெண்டு நாளா சிஸ்டர்."

"லீவு கேக்கலியா?"

"கேக்கத்தான் யூனிஃபார்ம் போட்டு வந்தேன். புரோகிராம் கழிஞ்சிட்டுப் போகலாம்னு சொன்னாங்க."

செல்வராணியின் மற்றக் கையில் மைக் இருந்தது. ஹால் முழுவதும் கேட்டது. புதிய சூப்பரின்டென்டென்ட் முன்வரிசையில் எழுந்து நின்றார். செல்வராணி அவரைப் பார்க்கவில்லை. ஆதிராவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு மைக்கில் பேசினாள், மெதுவாக, அவள் எப்போதும் பேசுகிற மாதிரிதான்.

"நான் இப்ப சொன்னது சரியில்ல. நான் என்னைக் கவனிச்சேன். இவள மாதிரி யூனிஃபார்ம் போட்டு மூணு வாட்டி வந்து கேட்டேன். எனக்கு யாரும் லீவு தரல."

மைக்கை மேசையில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடி இறங்கினாள். அத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மனிதவளப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"சிஸ்டர், புரோகிராம் முடியல! இனி மெடிடேஷன் இருக்கு."

"நீ இருந்து செய்யி மோளே" என்று சொல்லிவிட்டு நானும் அவர்களோடு லிஃப்டில் ஏறினேன்.

கீழே ஓ.பி. கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். எங்கள் மூவரையும் பார்த்தார். வேலையிலிருந்து நின்றுவிட்ட இரண்டு பழைய நர்ஸுகள், நடுவில் பேட்ஜ் குத்திய ஒரு நர்ஸ். பிறகு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பேஷன்ட் எவிடே சிஸ்டரே?"

ஆதிரா வாயைத் திறக்குமுன் செல்வராணி அவள் நெஞ்சிலிருந்த பேட்ஜைக் கழற்றிக் கவுண்டர் மேல் வைத்தாள்.

"இங்கதான் நிக்கா. பேரு எழுதும்."